ஓட்டைக்குக் கீழே ஒரு கதிரை

தெல்தோட்டையில் இடிமழையும் காற்றும் அடித்த மறுநாள், அரசாங்க அறிக்கைக்குச் சேதம் பார்க்க நான் போன தொழிலாளர் லயத்து வீட்டில் ஒரு அம்மா இருந்தார், தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை இருந்தார். தொழிற்சங்கத் தலைவர் மட்டும் வரவில்லை.

கூரையைப் பிளந்துகொண்டு ஒரு சவுக்கு மரம் கிடந்தது. மெலிந்த அந்த அம்மா, ஈரச் சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டே, ஓட்டைக்கு நேர்கீழே ஒரு கதிரையைப் போட்டார். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

"இருங்க தொரை. நாங்க ராத்திரி பூரா அங்கதான் இருந்தோம்."

துரை உட்காரவில்லை. "காத்துல விழுந்ததுன்னு மட்டும் எழுதுங்க தம்பி. நாளைக்கே தகரம் போட்டுத் தர்றேன்" என்றார்.

மரத்தின் அடியைப் போய்ப் பார்த்தேன். உள்ளே உளுத்துப் பொடியாக இருந்தது. வெட்டச் சொல்லித் துரையிடம் பல தடவை கேட்டதாக அம்மா சொன்னார்.

"உளுத்த மரம்னு எழுதினா தகரம் கெடைக்காதேம்மா" என்றேன்.

"கெடைக்காட்டி போகுது. லயத்துலருந்து படிச்சு வந்த புள்ள நீங்க, உள்ளத எழுதுங்க. இவரு மேலிடத்துல கைகட்டி நிக்கணும்."

எழுதினேன். துரையை வேறு தோட்டத்துக்கு மாற்றினார்கள். புதுத் துரை தகரம் தரவில்லை.

பிறகொரு நாள் கண்டி பஸ்ஸில் அந்த அம்மாவைக் கண்டு, கடன் வாங்கிப் போட்ட கூரைக்கு எவ்வளவு செலவு முடிந்தது என்று கேட்டேன். தன் கடனை இத்தனை திருப்தியாகச் சொன்ன ஒருவரை நான் பார்த்ததில்லை.

"தொண்ணூத்தாறாயிரம்."