நரம்பு பார்க்கும் பெண்

திருவையாறு பக்கம் எங்கள் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்தில்தான் அவரைப் பார்த்தேன். நான் சம்பாப் பயிருக்கு அடங்கல் சான்று வாங்கப் போயிருந்தேன். நர்சிங் மாணவியின் வெள்ளை உடை, இடுப்பில் பெண் குழந்தை, நகக்கண்ணில் நடவுச் சேறு. குழந்தையிடம் பிஸ்கட்டை நீட்டினேன். அவரோ என் புறங்கையைப் பார்த்தார். “நரம்பு நல்லாத் தெரியுதுங்க. உங்களுக்கு ஊசி போடுறது சுலபம்.” வரிசையில் யார் கை நீட்டினாலும் அவர் கண் அங்கேதான் போனது.

படிப்பு உதவித்தொகைக்காக வருமானச் சான்று கேட்டு வந்திருந்தார். வி.ஏ.ஓ. இரக்கப்பட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சாயங்காலம் மெடிக்கல் ஷாப், ஞாயித்துக்கிழமை நடவுன்னு எல்லாத்தையும் சொன்னா உதவித்தொகை போயிடும்மா. வேலை இல்லன்னு சொல்லிடு.”

“அப்ப என் புள்ளைக்குப் பால் யார் வாங்குறான்னு எழுதுவீங்க?”

வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் காரில் வந்து, வருமானமே இல்லையென்று சொல்லிச் சான்று வாங்கிப் போயிருந்தார்.

“வேலை பாத்துதான் சார் படிக்கிறேன். அதுல மறைக்க என்ன இருக்கு? உள்ளதை எழுதுங்க. அவங்க பணம் தரலன்னாலும் நான் நர்ஸ் ஆகத்தான் போறேன்.” பேனா பிடித்திருந்த வி.ஏ.ஓ.வின் கையைக் கூர்ந்து பார்த்தார். “உங்களுக்குத்தான் நரம்பே தெரியல. ஆஸ்பத்திரிக்கு வந்தா என்னைக் கூப்பிடுங்க.”

வி.ஏ.ஓ. உள்ளதையே எழுதினார்.

உதவித்தொகை கிடைத்ததா, தெரியாது. இப்போதெல்லாம் ஊசிக்குக் கை நீட்டும்போது, முதலில் நான் நர்சின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.