அப்பாவின் போனில் என் தைராய்டு

கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரும் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஏனுங் அம்மணி, தைராய்டு மாத்திரைய வெறும் வயித்துல தானுங்க சாப்புடறீங்க?"

அந்த அம்மாவை நான் அதற்குமுன் கண்டதே இல்லை. அவருக்கோ என் உயரம், சம்பளம், எடுத்த மார்க், கண்ணாடியின் பவர் வரைக்கும் அத்துப்படி. "உங்கப்பாரு எங்க பெரியம்மா பேரனுக்கு அனுப்புனாருங்களே, அதுல பாத்தனுங்க. சாதகம் பொருந்துல. அது கெடக்கட்டும், மாத்திரைய மட்டும் உட்டுப்போடாதீங்க கண்ணு." நல்ல மனுஷி, அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆனால் உடம்பெல்லாம் கூசிப்போனது. கிணத்துக்கடவு தாண்டும்வரை காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பாட்டே போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் வீட்டில் யாருக்கு எது வாங்கினாலும் அப்பாவின் நம்பரைத்தான் கொடுப்போம். கேஸ் சிலிண்டர் மெசேஜ் அதில்தான் வரும், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டும் அதில்தான் வரும். யாராவது பெண்ணின் போட்டோ கேட்டால் போதும், அப்பா கேலரியைத் திறந்து என் சம்பந்தப்பட்ட அத்தனையையும் தொட்டுத் தொட்டு அனுப்பிவிடுவார். ஜாதகம், ஆதார் அட்டை, மார்க் ஷீட், தைராய்டு, எதுவும் பாக்கியில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "எல்லாத்தையும் ஏனுங்கப்பா அனுப்புனீங்க?"

"மறைச்சுப்போட்டாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் பேசப்படாது பாரு கண்ணு. மாடு விக்கறப்ப பல்லக் காட்டாம விக்க முடியுமா?"

அப்பா பொள்ளாச்சிச் சந்தையில் மாட்டுத் தரகர். மாட்டின் பல், சுழி, உதைக்கிற பழக்கம் எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார், நேர்மைக்குப் பேர்போனவர்.

"நான் மாடுங்களாப்பா?"

"செரி செரி, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. தைராய்டு ஒன்றும் குற்றமில்லை, ஊரில் பாதிப் பேருக்கு இருக்கிறது. ஆனால் என் உடம்பைப் பற்றி ஒருவருக்குத் தெரியவேண்டுமென்றால் அது என் வாயால் தெரியட்டும், அவ்வளவுதான் நான் கேட்டது. போனுக்கு லாக்காவது போடுங்கள் என்றேன். டீக்கடையில் யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிற போன் அது. அப்பா சிரித்தார். "மடியில கனமிருந்தாத்தான வழியில பயம். என்றகிட்ட ஒளிச்சு வெக்க என்ன இருக்குது?"

இதைச் சொல்கிறவர் யாரென்று பாருங்கள். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் கைகளையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து அமுக்கித்தான் பேரம். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் விளங்காது. எந்த மாடு என்ன விலைக்குப் போனது என்று அம்மாவுக்குக்கூட அப்பா சொன்னதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு வாய்ப்பு வந்தது. தொண்டாமுத்தூர்க்காரர் ஒருவர் விற்றுத்தரச் சொல்லி விட்டிருந்த ஒரு ஜோடிக் காளை எங்கள் வாசலில் கட்டியிருந்தது. குறைந்தபட்சம் என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று அவர் காலையில் வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருந்தார். அப்பா அதை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டதில் அது எனக்கும் தெரியும், காளைகளுக்கும் தெரியும்.

பாலக்காட்டு வியாபாரி வந்தார். காளைகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு இருவரும் கட்டிலில் உட்கார்ந்து துண்டைப் போட்டு மூடினார்கள். போன் வழக்கம்போல் கட்டில்மேல் மல்லாந்து கிடந்தது. நான் காபியை வைத்துவிட்டு, போனை எடுத்து அந்தப் பேச்சைத் தட்டினேன்.

"ஏனுங், நல்லாருக்கீங்களா? அந்த யாவாரி எவ்வளவு இழுத்தாலுஞ் செரி, கடைசியா நீங்க..."

அங்கேயே நிறுத்திவிட்டேன். துண்டு அசையவில்லை. அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. வியாபாரி வயிறு குலுங்கச் சிரித்தார். "நிறுத்தாதீங்க அம்மணி, மீதியும் கேப்பம்."

காளைகள் நல்ல விலைக்கே போயின. வண்டி கிளம்பியதும் அப்பா உள்ளே வந்தார், திட்டப்போகிறார் என்று தயாராகத்தான் நின்றேன். "நடுச்சந்தையில துண்ட உருவுனாப்புல ஆயிப்போச்சு கண்ணு" என்றார் மெதுவாக.

"பஸ்ல எனக்கும் அப்படித்தாங்கப்பா இருந்துச்சு."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு போனை நீட்டி, "லாக்கு எப்புடிப் போடறதுன்னு சொல்லிக்குடு. உன்ற ரிப்போர்ட்டெல்லாம் அழிச்சுப்போடு" என்றார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஆனைமலையிலிருந்து ஒரு வரன். அப்பா போனில், "என்ற பொண்ணக் கேட்டுப்போட்டுச் சொல்றனுங்க" என்றது சமையலறைவரை கேட்டது. அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்தடவை. வாசற்படியில் வந்து நின்று, "போட்டோ அனுப்பட்டுமா அம்மணி?" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காதே. "அனுப்புங்க. ஒண்ணே ஒண்ணு. அப்படியே மாப்பிள்ளையோட ரத்தப் பரிசோதனையையும் அனுப்பச் சொல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டுப் போவார் என்று நினைத்தேன். அப்பா அப்படியே போய் அங்கே சொல்லிவிட்டார். போச்சு இந்த வரன் என்று அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

சாயங்காலம் அதே நம்பரிலிருந்து ரிப்போர்ட் வந்தது. கூடவே மாப்பிள்ளை ஒரு வரி எழுதியிருந்தார்: 'இதை உங்கள் பெண் மட்டும் பார்த்தால் போதுங்க.'

அப்பா லாக்கைத் திறந்து போனை என் கையில் கொடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார். பார்த்து முடித்து நானே கூப்பிடும்வரை திரும்பவில்லை.

அதில் என்ன இருந்தது என்று அப்பா இன்றுவரை கேட்கவில்லை. இங்கேயும் எழுதுவதாக இல்லை. தெரிந்தே ஆகவேண்டுமென்றால் அந்த ஆனைமலைக்காரரையே கேட்டுக்கொள்ளுங்கள், பின்கட்டில் உட்கார்ந்து எனக்காகத் தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறார்.