செருகாத கீபோர்ட்டும் சுமதியின் கொலிஜ் சோதனையும்

யுத்தம் முடிந்த அந்தக் கிழமையில் என் மனைவி சுமதி கொலிஜ் நுழைவுச் சோதனை எழுதினாள். நான் அவளுடைய போனை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே இருந்தேன். நடந்தது இவ்வளவுதான்.

இப்போதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு சத்தம்... டக், டக், டக். வெளிநாடு வந்து குடியேறிய மல்வேர்னில் எங்கள் அப்பார்ட்மென்ட், குசினி மேசை. மேசையில் எந்தக் கொம்பியூட்டரிலும் செருகாத ஒரு கீபோர்ட்.

சுமதியின் ஏ.எல். சான்றிதழ் கிளிநொச்சியில் வீட்டோடு போய்விட்டது. சான்றிதழ் இல்லாத பெரியவர்கள் கொலிஜில் சேர இங்கிலீஷிலும் கணக்கிலும் ஒரு சோதனை பாஸ் பண்ண வேண்டும். ஐந்து வருடத்தில் என்னவாக இருக்க விருப்பம் என்று புதிதாக வந்தவர்களுக்கு உதவுகிற ஒஃபிஸில் கேட்டார்கள். அவள் யோசிக்கவேயில்லை.

"கதிரையிலை இருந்து வேலை செய்யவேணும்."

பிஸ்கட் பக்டரியில் நின்று நின்று கால் வீங்கியவளின் இலக்கு அது. அக்கவுண்டிங் என்பது பிறகு வந்தது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்குச் சோதனை என்றால் முதல் கேள்வி, பாஸ்ட் பேப்பர் எங்கே? அப்படி ஒன்றும் இல்லை என்று கொலிஜில் சொன்னார்கள். நாங்கள் நம்பவில்லை, ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்றே நினைத்தோம். வெக்ஸ்போர்ட்டில் ஒருவரிடம் ஒரு கட்டு ஃபோட்டோகொப்பி வாங்கி வந்தேன். பாதி கணக்கு. மீதியைப் பார்த்தால் கார் லைசன்ஸ் எழுத்துச் சோதனை.

அவள் சளைக்கவில்லை. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, தொலைக்காட்சியின் நன்மை தீமைகளை இங்கிலீஷில் எழுதி எழுதிப் பாடமாக்கினாள். ரியூசன் கொட்டிலில் எங்களுக்குப் பழக்கியது அப்படித்தானே...

திகதி எடுக்கப் போன் பண்ணியபோதுதான் சொன்னார்கள், சோதனை முழுக்கக் கொம்பியூட்டரில் என்று.

"இனி நன்மை தீமையை ஆர் தட்டுறது?" என்று தலையில் கைவைத்தாள்.

கொம்பியூட்டர் வாங்கக் கட்டுபடியாகாது. விரல் பழகுவதற்குக் கீபோர்ட் போதும். பழைய சாமான் கடையில் ஒன்று எடுத்தேன். அன்றும் நான் அப்படித்தான், தேவையானதை மட்டும் வாங்குவேன்.

அவளுடைய அம்மாவும் தம்பியும் அப்போது வன்னியில். மாசி மாதத்துக்குப் பிறகு ஒரு தொடர்பும் இல்லை. நேரம் கிடைத்தபோதெல்லாம் நாங்களும் டவுன்ரவுன் போய், யுத்தத்தை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு ரோட்டில் நின்றோம். வீட்டுக்கு வந்தால் அவள் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுவாள்.

மேல்மாடி ரஞ்சன் அண்ணை எலிவேற்றரில் கேட்டார். "அங்கை சனம் சாகுது. உங்கை என்ன டக்கு டக்கெண்டு?"

"அண்ணை, நீங்கள் ரோட்டிலை நிக்கேக்கை நாங்களும் நிக்கிறம். நீங்கள் நித்திரை கொள்ளேக்கை அவ தட்டுறா."

ரஞ்சன் அண்ணையின் அந்தச் சொல் பக்கத்தில் நின்ற அவளுக்குச் சுட்டுவிட்டது. சோதனை நாளன்று காலையில் கதிரையை விட்டு எழும்பவில்லை.

"நான் வரேல்லை. கோல் வந்தால் ஆர் எடுக்கிறது?"

"நான் எடுக்கிறன்."

"எடுத்துப்போட்டு, சோதனை முடியட்டும் எண்டு ஒளிப்பியள். உங்கடை யாவாரப் புத்தி எனக்குத் தெரியாதே!"

"நல்லதோ கெட்டதோ, அந்த நிமிசமே சொல்லுவன். நீர் வெளிக்கிடும்."

கோல் வந்தது. அவள் உள்ளே கட்டுரை எழுதிக்கொண்டிருந்த நேரம். வவுனியாவிலிருந்து அவளுடைய மாமா, அம்மாவோடு பிறந்தவர்.

"அக்கா முகாமிலை இருக்கிறா. காலிலை காயம், ஆனால் கதைக்கிறா."

"தம்பி?"

"அவன் அவவோடை இல்லை."

நான் கணக்குப் பார்த்தேன், அதை இப்போது மறைக்கவில்லை. பாதி நல்ல செய்தி, பாதி தெரியாத செய்தி. இதைச் சொன்னால் சோதனை போகும். சொல்லாவிட்டால் என் பேச்சை அவள் பிறகு நம்பமாட்டாள். போய்க் கதவைத் தட்டினேன்.

வாசலில் இருந்த வெள்ளைக்காரப் பெண் கையைக் காட்டி மறித்தாள். எழுதுகிறவர் வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமுடியாதாம். அவசரமா என்று கேட்டாள். முழுவதையும் விளக்க அன்றைக்கு என்னிடம் இங்கிலீஷ் இல்லை. "அவளுடைய அம்மா உயிரோடு இருக்கிறா" என்று மட்டும் சொன்னேன்.

அந்தப் பெண் தானே எழும்பி உள்ளே போனாள்.

சுமதி வந்தாள். சொன்னேன். "தம்பி?" என்றாள். "தெரியேல்லை" என்றேன். அந்தப் பெண் கதவைத் திறந்து பிடித்தபடி, நேரத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன், விருப்பமென்றால் தொடரலாம் என்றாள். சுமதி முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

முடிவு அன்றைக்கே வந்தது. இங்கிலீஷ் பாஸ். கணக்குக்கு மட்டும் ஒரு சின்ன வகுப்பு எடுத்துவிட்டுச் சேரலாம்.

இன்றைக்கு அவள் மிசிசாகாவில் பேரோல், அதாவது ஆட்களின் சம்பளக் கணக்கு, பார்க்கிறாள். எனக்குச் சொந்தக் கடை. மாமி, சுமதியின் அம்மா, எங்களோடுதான். மகள் யுனிவர்சிட்டிக்கு விண்ணப்பித்ததே கட்டிலில் படுத்தபடி, போனில். பயிற்சிக் கேள்விகளும் அதிலேயே, தட்டினால் வருகிறது. நல்லதுதான். ஆனால் வீட்டில் ஒருவர் படிக்கிறார் என்பதற்கு இப்போது சத்தமே இல்லை...

தம்பியைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

அன்றைக்குச் சோதனை முடிந்ததும் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் இருந்தோம். நான் கடை போடக் காசு சேர்த்துக்கொண்டிருந்த காலம். இனி எது முதலில் என்று பேரம் பேசத் தொடங்கியவள் அவள்தான். முடிவானது இது: அம்மாவை இங்கே கூப்பிட்டு எடுக்கும் அலுவல் முதலில். அதோடு அவள் படிப்பு. படிப்பு முடியும்வரை நான் இரண்டு வேலை, கடைக் கதை எடுப்பதில்லை. அவளுக்கு வேலை கிடைத்ததும் கடைக்கான வங்கிக் கடனில் அவளும் கையெழுத்து வைப்பாள், கடைக் கணக்கைச் சம்பளம் இல்லாமல் பார்ப்பாள். தம்பியைத் தேடச் செலவாகும் காசுக்கு மட்டும் இருவரும் கணக்கு எழுதுவதில்லை.