பூதம் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ்

எனக்குக் கோபம் மூக்கு மேல. எங்க ஹோட்டல் மூணாவது மாடியில என்கூட ரூம் சுத்தம் பண்ணினவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. படுக்கை விரிப்பில ஒரு சுருக்கம் இருந்தாப் போதும், மொத்தத்தையும் உருவிப் போட்டுட்டு மறுபடி விரிக்கச் சொல்லுவேன். குளியலறைக் கண்ணாடியில ஒரு சொட்டுத் தண்ணித் தடம் தெரிஞ்சா அன்னைக்கு அவ தொலைஞ்சா. ஆனா ஒரே ஒரு விஷயத்தில மட்டும் யாரையும் திட்ட எனக்கு வாய் வராது. ஏன்னு சொல்றேன், கேளுங்க.

பதினோரு வருஷம் வண்டி தள்ளினேன். சோப்பு, துண்டு, விரிப்பு எல்லாம் அடுக்கின வண்டி. கெஸ்ட் காலி பண்ணிப் போன ரூம்ல எது கிடந்தாலும் அதை ஒரு கவர்ல போட்டு, ரூம் நம்பரும் தேதியும் எழுதி, ஆபீஸ் அலமாரியில வைக்கணும். தொண்ணூறு நாள்ல யாரும் கேட்டு வரலைன்னா, கண்டெடுத்தவங்களே எடுத்துக்கலாம். இதுதான் சட்டம். அந்த அலமாரியில நான் தங்க மோதிரம் வச்சிருக்கேன், கைக்கடிகாரம் வச்சிருக்கேன், ஒரு தடவை பல்செட் கூட வச்சிருக்கேன். ஒரு ஹேர்பின்னைக்கூட இடுப்புல செருகினது கிடையாது. அந்தப் பேர் எனக்கு இருந்துச்சு, அதில எனக்குத் தலைக்கனமும் இருந்துச்சு.

அந்த வருஷம் சூப்பர்வைசர் இடம் காலியாச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வேலையில உன்னை அடிச்சுக்க ஆள் இல்லம்மா. ஆனா அந்த நாற்காலியில உட்கார்ந்தா கெஸ்ட் போன் எடுக்கணும், இங்கிலீஷ்ல பேசணும். ஆறு வாரம் டைம் தர்றேன், கத்துக்கோ"ன்னார். எனக்கு முதுகுத்தண்டுல ரெண்டு எலும்பு தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லி மூணு மாசம் ஆகியிருந்துச்சு. இன்னும் ரெண்டு வருஷம் மெத்தையைத் தூக்கினா படுத்துடுவேன். அந்த நாற்காலி கிடைச்சாத்தான் எனக்கு வாழ்க்கை.

முப்பது நாள்ல இங்கிலீஷ்னு ஒரு புத்தகம் வாங்கினேன். அதில என்ன இருந்துச்சு தெரியுமா? நான் ஒரு வக்கீல், நீ ஒரு தச்சன், அவர்கள் மாலுமிகள். அட, எந்த கெஸ்ட் எனக்குப் போன் போட்டு நீ ஒரு தச்சன்னு சொல்லப் போறான்? பத்து நாள் முட்டி மோதிட்டுத் தூக்கிக் கடாசினேன்.

அப்பதான் முன்னூத்திப் பன்னிரண்டாம் ரூம்ல, தலையணை உறைக்குள்ள, அந்தப் புத்தகம் கிடந்துச்சு. சின்னப் பிள்ளைங்க கதைப் புத்தகம். அட்டையில பச்சைக் கலர்ல ஒரு பூதம், வாயைப் பிளந்துக்கிட்டு அழுதுட்டு இருந்துச்சு. நடுவுல ஒரு பக்கத்தைத் திறந்தேன். படம் படமா இருந்துச்சு, படத்துக்குக் கீழே ஒரு வரி, அடுத்த பக்கத்திலயும் அதே வரி. எழுத்துக் கூட்டிப் படிச்சேன். மே ஐ கம் இன். இதை நான் தினம் கதவைத் தட்டிச் சொல்றேனே! அதைத்தான் இப்படி எழுதுவாங்களா? சத்தியமா எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு.

கவர்ல போட்டிருக்கணும். தொண்ணூறு நாள் காத்திருந்தா அது எனக்கே வந்திருக்கும். ஆனா எனக்குத் தொண்ணூறு நாள் இல்லை, முப்பத்திரண்டு நாள்தான் இருந்துச்சு. காகிதம்தானே, கிழிஞ்சது, இதைப் போய் யார் தேடப் போறான்னு சொல்லிக்கிட்டேன். அழுக்கு விரிப்புக்கு நடுவுல சுருட்டிக் கீழே கொண்டு போய், என் பையில போட்டேன். கை நடுங்கவே இல்லை. அதை நினைச்சாத்தான் இப்பவும் கேவலமா இருக்கு.

என் பொண்ணு அப்ப எட்டாவது. "யாரும்மா குடுத்தா?"ன்னு கேட்டா. "கெஸ்ட் குடுத்தாங்கடி"ன்னேன். அட்டையைத் திருப்பினவ, "உள்ளே பேர் எழுதியிருக்கே, சின்னப் புள்ள கையெழுத்து"ன்னா. வெடுக்குன்னு பிடுங்கி, பழுப்புத்தாள்ல அட்டை போட்டு, அந்தப் பேர் மேல தாளை மடிச்சுப் பசை தடவி ஒட்டினேன். ஒட்டிட்டு விரலால நல்லா அழுத்தியும் விட்டேன்.

தினம் அவ ஸ்கூல்ல இருந்து வந்ததும் அடுப்பங்கரையில உட்கார்ந்து படிப்போம். பூதத்துக்குப் போர்வை தொலைஞ்சு போச்சு, தூக்கம் வரலை. வீடு வீடாத் தட்டுது. எக்ஸ்க்யூஸ் மீ, ஹேவ் யூ சீன் மை ப்ளாங்கெட்? முயல் சொல்லுது, ரொட்டிக்காரன் சொல்றான், ராணி சொல்றா: ஐ ஆம் சாரி, ஐ ஹேவ் நாட் சீன் இட். அடுத்த கதையில ஒரு நரி, கோழி வீட்டுக்கு விருந்தாளியா வந்து உட்கார்ந்துக்கிட்டுப் படுத்துற பாடு! இன்னொரு துண்டு கிடைக்குமா, தண்ணி சூடா இல்லையே, ரூம் ரொம்பக் குளிருதே. "அம்மா, இந்த நரி உங்க ஹோட்டல் ஆளுதான்"னு என் பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சா. கதையில எல்லாத்தையும் மூணு தடவை சொல்றாங்க பாருங்க, அதனால மண்டையில ஆணி அடிச்ச மாதிரி இறங்கிடுச்சு. வெய்ட் எ மினிட் ப்ளீஸ். ஐ வில் செக். வண்டி தள்ளிக்கிட்டே முணுமுணுப்பேன். கூட வேலை பார்க்கிறவங்க எனக்குப் பூதம்னே பேர் வச்சுட்டாங்க.

சோதனை நாள் வந்துச்சு. போனுக்கு முன்னால நான், எதிர்ல நோட்டும் பேனாவுமா மேனேஜர். முதல் போன், துண்டு வேணும்னு. பேசிட்டேன். ரெண்டாவது, ஏசி சரியில்லைன்னு. அதையும் பேசிட்டேன். அவர் தலையாட்டுறதைப் பார்த்து எனக்கு ஒரே குஷி. மூணாவது போனை எடுத்தா, ஒரு குழந்தைக் குரல்.

எக்ஸ்க்யூஸ் மீ. நாங்க முன்னூத்திப் பன்னிரண்டுல இருந்தோம். நிறைய ஊர் சுத்திட்டு இப்பதான் வீட்டுக்கு வந்தோம். என் புத்தகத்தைக் காணோம். பூதம் இருக்கும். ஹேவ் யூ சீன் மை புக்?

எல்லாம் இங்கிலீஷ்லதான். ஒரு சொல் விடாம எனக்குப் புரிஞ்சுது. என் ஆயுசுல யாரோ பேசின இங்கிலீஷ் முழுசாப் புரிஞ்சது அதுதான் முதல் தடவை. எதிர்ல மேனேஜர், பேனா மூடியைக் கடிச்சுக்கிட்டு என் வாயையே பார்க்கிறார். நான் சொன்னேன், தடுமாறாம, அழகாச் சொன்னேன்: ஐ ஆம் சாரி. ஐ ஹேவ் நாட் சீன் இட்.

அப்புறம் அந்தக் குழந்தை, கட்டிலுக்கு அடியில பார்ப்பீங்களா ப்ளீஸ்னு கேட்டுச்சு. ஐ வில் செக்னு சொல்லி வச்சேன். மேனேஜர் கைதட்டினார். "பிரமாதம்! கொஞ்சம்கூட யோசிக்காமப் பேசுறியே"ன்னார். நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்துடலாம் போல இருந்துச்சு. அன்னைக்கே நாற்காலி என்னுது.

ரெண்டு நாள் சோறு இறங்கலை. மூணாம் நாள் பழுப்புத்தாளைப் பிரிச்சேன். பசை பிடிச்ச இடத்துல அந்தப் பேர்ல பாதி பிய்ஞ்சு தாளோட வந்துடுச்சு. புத்தகத்தைக் கவர்ல போட்டு, கட்டிலுக்குப் பின்னால கிடைத்ததுன்னு நோட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டேன். ஒரு திருட்டு, அதுக்கு மேல இன்னொரு பொய். அந்தக் குழந்தை வீட்டுக்குப் பார்சல் போயிடுச்சு. அப்பாடான்னு நினைச்சேன், முட்டாள்.

ஒரு மாசம் கழிச்சு அந்தக் குழந்தைகிட்ட இருந்து கடுதாசி வந்துச்சு. கலர்ல வரைஞ்ச ஒரு பொம்பளை, கையில புத்தகம், பக்கத்துல சிரிக்கிற பூதம். நீங்க கட்டிலுக்கு அடியில பார்த்ததுக்கு நன்றி, நீங்க ரொம்ப நல்லவங்கன்னு குண்டு குண்டு எழுத்துல. மேனேஜர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, நாங்க உடை மாத்துற ரூம்ல மாட்டிட்டார். போதாக்குறைக்கு ஒரு உத்தரவு வேற. புதுசா யார் வேலைக்குச் சேர்ந்தாலும் அவங்களை அதுக்கு முன்னால நிக்க வச்சு, நான் இங்கிலீஷ்ல படிச்சு, தமிழ்ல அர்த்தம் சொல்லணும். ரெண்டு வருஷமாப் படிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் உள்ளுக்குள்ள கூனிக் குறுகிப் போறேன், வெளியில குரல் மட்டும் கணீர்னு வரும்.

போன மாசம் பாட்டுக்காரி மாட்டினா. வேலை செய்யும்போது முனகிக்கிட்டே இருப்பா, அதனால அந்தப் பேர். ரெண்டு பிள்ளைக்கு அம்மா, வேலையில கெட்டி. காலி பண்ணின ரூம்ல கிடந்த கலர் பென்சில் பெட்டி, பாதி தேஞ்ச பென்சில்கள். பையில வச்சிருந்ததை வாசல்ல வாட்ச்மேன் எடுத்துட்டான். மேனேஜர் என்னைக் கேட்டார், "இவளுக்கு அந்தக் கடுதாசி படிச்சுக் காட்டலையா?"

"படிச்சேன் சார்."

"அப்புறமும் இப்படின்னா என்ன பண்றது? போகட்டும்"னு அவளை வேலையை விட்டு நிறுத்துற தாளை நீட்டினார். சூப்பர்வைசர் கையெழுத்து வேணும். பேனாவை வாங்கி ஒரு நொடி வச்சுக்கிட்டு இருந்தேன். போட்டுட்டேன்.

அவ பின்படிக்கட்டுல இறங்கும்போது ஓடிப் போய்க் கையைப் பிடிச்சேன். மூச்சு வாங்க எல்லாத்தையும் கொட்டினேன். "நானும் எடுத்தேன்டி. அந்தப் புத்தகம் கட்டிலுக்குப் பின்னால எல்லாம் கிடக்கலை. என் வீட்டுலதான் இருந்துச்சு, ஒரு மாசம். அந்தக் குழந்தைகிட்ட வாய் கூசாமப் பார்க்கலைன்னு சொன்னேன்டி."

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டு என்னையே பார்த்தா. அப்புறம் என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

"எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக உங்க பேரையே கெடுத்துக்கிறீங்களே அக்கா! எவளுக்கு வரும் இந்த மனசு? தப்புப் பண்ணினது நான். நான் உங்களை மாதிரி இல்லக்கா."

"ஐயோ, நிஜமாத்தான்டி சொல்றேன்"ன்னேன்.

"போங்கக்கா, நீங்களாவது எடுக்கிறதாவது"ன்னு சிரிச்சுட்டு, பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு இறங்கிப் போயிட்டா.

மேனேஜர் ரூம் கதவு திறந்துதான் இருந்துச்சு. அவர்கிட்டச் சொன்னா நம்பியிருப்பார், அந்தப் பொய்யை எழுதின நோட்டும் இருக்கு, என் கையெழுத்தும் இருக்கு. நான் அந்தப் பக்கம் போகலை. மறுநாள் அவ இடத்துக்குப் புதுசா ஒருத்தி வந்தா. கடுதாசிக்கு முன்னால நிக்க வச்சுப் படிச்சுக் காட்டினேன்.