டீச்சரம்மாவின் ஆறு வரி

போன வாரம் ரயிலில் திருப்பதிக்குப் போகும்போது, என்னோடு புத்தூரில் ஏறிய ஒருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். மணிக்கட்டில் மூங்கில் சிம்பு வைத்த புதுக்கட்டு. பச்சிலையும் முட்டையும் கலந்த வாடை பெட்டியெல்லாம் அடித்தது. பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் நன்றாக இழுத்து முகர்ந்தேன். அவர்களுக்கு அது நாற்றம். எனக்கு அது பிரெஞ்சுப் பாடம்.

சிரிக்காதீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பேன், தெலுங்கில் பஸ் போர்டு வரைக்கும் தெரியும். ஆனாலும் பிரெஞ்சில் ஒரு வினைச்சொல்லை ஆறு விதமாக மாற்றி நிற்காமல் சொல்வேன். அதுவும் சாதாரண மாற்றம் இல்லை. ‘நான் பேச வேண்டும் என்று அவன் விரும்பினான்’, ‘நீ பேச வேண்டும் என்று அவன் விரும்பினான்’ என்று, முடிந்துபோன காலத்து ஆசையைச் சொல்லும்போது வருவது. அந்த நாட்டுக்காரர்களே இப்போது வாயால் பேசுவதில்லையாம், பழைய புத்தகத்தில்தான் இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரர் இறந்துபோன மறுவருஷம், இடது முழங்கை பிசகி புத்தூர் எலும்பு வைத்தியரிடம் கட்டுப்போட உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வலது மணிக்கட்டு முறிந்த ஒரு அம்மா. பாண்டிச்சேரியில் பிறந்து, சித்தூரில் பிரெஞ்சு டீச்சராக இருந்து, ஓய்வு பெற்றபின் திருப்பதியில் தனியாக இருந்தவர். ஒரே மகன் ஹைதராபாத்தில். எலும்பை இழுத்துச் சேர்த்தபோது நான் ஊரைக் கூட்டினேன். அவர் பல்லைக் கடித்ததோடு சரி. அது எனக்குப் பிடித்துப்போயிற்று. வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்.

“எனக்குச் சமைக்க ஒரு கை வேணும். வர்றியா?”

“என்னாண்ட கூட ஒண்ணுதாங்க கீது,” என்றேன்.

அப்படித்தான் இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஆளாகக் குடித்தனம் செய்ய ஆரம்பித்தோம். ஒருத்தி கத்தரிக்காயைப் பிடிக்க, ஒருத்தி அரிவோம்.

டீச்சரம்மாவுக்கு ஒரு வழக்கம். காலையில் காபிக்கு முன்னால் அந்த ஆறு வரியை நோட்டில் எழுதிப் பார்ப்பார். அவருடைய அம்மா கடைசிக் காலத்தில் பெற்ற பிள்ளைகளின் முகத்தையே மறந்துவிட்டாராம். தனக்கும் அது வந்தால் முதல் நாளே தெரிய வேண்டும் என்பதற்காக இந்தப் பரீட்சை. கையைக் கட்டிவிட்டதால் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று, சரிபார்க்க நான். காலண்டர் தாளின் பின்பக்கம், அவர் சொல்லச் சொல்லத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். க ஜ பார்லாஸ், க த்யூ பார்லாஸ், கில் பார்லா, க நூ பார்லாஸியோன், க வூ பார்லாஸியே, கில் பார்லாஸ். மூன்றாவது ஆள் மட்டும் வாலை விழுங்கிவிடுவான், ‘பார்லா’ என்றதும் நிறுத்திவிட வேண்டும். ஒரு மாதத்தில் எனக்குத் தாளே தேவைப்படவில்லை. என் காது அப்படி.

பால் ஊற்ற வரும் தெலுங்கம்மா இதை ஏதோ சாமி சுலோகம் என்று நினைத்துக்கொண்டாள். செருப்பைக் கழற்றி வாசலிலேயே விட்டு, ஆறு வரி முடியும்வரை கைகூப்பி நிற்பாள். முடிந்ததும் பிரசாதத்துக்குக் கை நீட்டுவாள். திருப்பதியில் இல்லை என்று சொல்ல முடியுமா? தினமும் ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டேன். டீச்சரம்மா உள்ளே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்.

கட்டைப் பிரித்த பிறகும் நான் கிளம்பவில்லை, அவரும் கேட்கவில்லை. எட்டு வருஷம் அப்படிப் போயிற்று. ஒரே ஒரு உறுதி வாங்கியிருந்தார்: தப்பு வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்ன அன்றைக்கே மகனுக்குப் போன் செய்து அவனோடு போய்விடுவார்.

ஒரு ஐப்பசி காலை, மூன்றாவதில் நிறுத்தாமல் ‘பார்லாஸ்’ என்றார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்து, சரியா என்று கேட்டார்.

சரி என்றேன்.

மறுநாளும் அதே தப்பு. அப்புறம் நான்காவதும் குழம்பிற்று. நான் சரி சரி என்றே சொல்லிவந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில், “ஒரு தப்புகூட இல்லைடா, பக்கத்துல சாட்சி இருக்கா,” என்று மகனிடம் பெருமையாகச் சொல்வார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

தை மாதம் கொத்தமல்லி வாங்கப் போனவர் மதியம்வரை வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவரைத் தெரிந்த ஆட்டோக்காரர் அழைத்துவந்தார். தெருப் பேரைக் கேட்டதற்கு அவருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். கொத்தமல்லிக் கட்டு கையில் வாடிக்கிடந்தது. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, இனி மறைக்க முடியாது என்று வாயைத் திறந்தேன்.

“மூணாவதை மூணு மாசமா தப்பா சொல்லிக்கினு இருக்கீங்க, டீச்சரம்மா.”

கொத்தமல்லிக் கட்டைக் கீழே வைத்தார். பிறகு, “ஏன் சொல்லலை?” என்றார்.

“நீங்க பூடுவீங்கன்னு.”

“போகத்தான் போறேன். அப்பவே சொல்லியிருந்தா, எல்லாம் தெரிஞ்சிருக்கும்போதே போயிருப்பேன் இல்ல?”

திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருஷத்தில் ஆறியிருக்கும். அந்த வாரமே மகன் வந்து அழைத்துப் போனார். காரில் ஏறும்போது டீச்சரம்மா என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார், புதிதாகப் பார்க்கிற ஆளுக்குச் செய்வதுபோல.

அந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். மலைக்குப் போகிறவர்கள் குளித்து, உடுத்தி, ஒரு நாளில் காலி செய்துவிடுகிறார்கள். நான் புத்தூருக்கே வந்துவிட்டேன். எப்போதாவது ஹைதராபாத்துக்குப் போன் போடுவேன். தமிழும் தெலுங்கும் அம்மாவுக்குப் போய்விட்டன, பிரெஞ்சு மட்டும்தான் வருகிறது, எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை என்று மகன் சொல்லி, போனை அவர் காதில் வைப்பார். கடகடவென்று, சின்னப்பெண் குரலில், நீளமாகப் பேசுவார். அந்த மொழியில் எனக்குத் தெரிந்தது ஆறே வரி. அதில் ஒன்றாவது வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பேன். யாரும் பேசாத பேச்சாயிற்றே, எப்படி வரும்? அவர் நிறுத்தும் இடத்தில் எல்லாம் உம் கொட்டுவேன். இந்த மார்கழியிலிருந்து அந்தப் போனை யாரும் எடுப்பதில்லை.