வழியா, வலியா

பல் மருத்துவமனையின் பின்பக்கம், எக்ஸ்ரே அறையைத் தாண்டினால், ஜன்னல் இல்லாத ஓர் அறை. அங்கே உட்கார்ந்து இருபத்திரண்டு வருடங்களாகப் பல் செட் செய்துகொண்டிருந்தார் அவர். முன்னறையில் டாக்டர் அளவெடுப்பார். அச்சு மட்டும் இவரிடம் வரும். ஊரில் எத்தனையோ பேர் இவர் செய்த பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். ஒருவருக்கும் இவர் முகம் தெரியாது. “செட் கச்சிதமா இருக்கு டாக்டர்” என்று யாராவது சொல்வது சுவரைத் தாண்டிக் கேட்கும். டாக்டர் “தேங்க்ஸ்” என்பார். இவர் அடுத்த மேல்தாடையை எடுத்து ராவ ஆரம்பிப்பார்.

அவர் பேச்சு எடுபட்ட ஒரே இடம் ஜெராக்ஸ் கடை மாடி. மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம் அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். முப்பது வருடங்களுக்கு முன்பு ஒரே ஒரு கேசட் போட்டுவிட்டுக் கலைந்துபோன ஒரு ராக் குழுவின் ரசிகர்கள். கேசட்டில் மொத்தம் எட்டுப் பாட்டு. வரிகளை எங்கேயும் அச்சடிக்கவில்லை. பாடகர் வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பாடுகிற ரகம். கிட்டார் வேறு அவர் குரல்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சண்டை. தாளில் வரியை எழுதி, சந்தேகமான எழுத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, ஜெராக்ஸ் அண்ணன் எல்லோருக்கும் ஒரு பிரதி போட்டுக் கொடுத்துவிடுவார். பிறகு சாயங்காலம்வரை அடிதடி.

அங்கே இவருக்கு ‘டாக்டர்’ என்று பெயர். முதல் நாள் யாரோ தப்பாகப் புரிந்துகொண்டு கூப்பிட்டார்கள், இவரும் திருத்தவில்லை. காதுக்கு இதமாக இருந்தது, விட்டுவிட்டார்.

வம்பு ஆறாவது பாட்டில் வந்தது. அதன் கடைசி மூன்று வரிகள் இப்படி:

கதவைச் சாத்து, காற்றை அவிழ்த்து விடு,
கடைசிப் படியில் செருப்பு கிடக்கட்டும்,
வழி தெரியாமல் போகட்டும்.

‘வழி’ என்று பாதிப் பேர். ‘வலி’ என்று மீதிப் பேர். ஓர் எழுத்துதான், ஆனால் பாட்டே தலைகீழாகிவிடும். வழி என்றால், விட்டுவிட்டுப் போகிறவன் தொலைந்து ஒழியட்டும் என்கிற சாபம். வலி என்றால், உயிர் போகிறவனுக்கு நோவில்லாமல் போகட்டும் என்கிற வேண்டுதல்.

இவர் வழிக் கட்சி. எழுந்து நின்று, தன் தொழிலைக் கையில் எடுத்தார். “‘ல’ சொன்னா நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால போய் முட்டணும். ‘ழ’ சொன்னா எங்கயும் முட்டாது. டேப்பை நல்லாக் கேளுங்க, முட்டுற சத்தமே இல்ல.” எல்லோரும் வாய்க்குள் லகரத்தையும் ழகரத்தையும் உருட்டிப் பார்த்தார்கள். அந்த அறை கொஞ்ச நேரம் கொப்பளிக்கிற கூட்டம்போல இருந்தது.

தபால் அக்கா மட்டும் உருட்டவில்லை. தபால் நிலையத்தில் பார்சல் கவுண்டரில் இருப்பவர். கூட்டத்தில் அதிகம் பேசாதவர்.

“எனக்கு வலின்னுதான் கேக்குது” என்றார். “என் தம்பி ஆஸ்பத்திரில கடைசியா கிடந்தப்ப இந்தப் பாட்டைத்தான் அவன் காதுகிட்ட வெச்சேன்.”

நாலு பேர் தலை அக்கா பக்கம் சாய்ந்தது. கையில் இருந்த வெற்றி நழுவுவதை இவர் கண்ணால் பார்த்தார்.

“வீட்டுத் துக்கத்தையெல்லாம் கொண்டுவந்து பாட்டுல திணிக்கக் கூடாதுக்கா” என்றார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். “சொல்ல வேணாம்னு இருந்தேன். அந்தப் பாடகருக்கு முன்பல் செட் பண்ணினதே நான்தான். அவர்கிட்டயே கேட்டேன். வழிதான்னு அவர் வாயாலயே சொன்னாரு.”

முழுப் பொய். பாடகர் எந்த நாட்டில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஆனால் அறையே வாயைப் பிளந்தது. பல் எப்படி உடைந்தது, ஆள் எப்படி இருந்தார் என்று மொய்த்துக்கொண்டார்கள். இவரும் கேட்டதற்கெல்லாம் சரடு விட்டார். தபால் அக்கா தன் ஜெராக்ஸ் தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அப்படியா டாக்டர்” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு மூன்று கூட்டங்களுக்கு அக்கா வரவில்லை. நான்காவது கூட்டத்தில் இவரே பேச்சுவாக்கில் விசாரித்தார்.

“உங்களுக்குத் தெரியாதா?” என்றார் ஜெராக்ஸ் அண்ணன். “தம்பியோட கல்லறைக் கல்லுல அக்கா அந்த வரியைத்தான் வெட்டி வெச்சிருந்துச்சாம். ‘வலி தெரியாமல் போகட்டும்’னு. அது வழிதான், சாபம்னு நீங்க சொன்னதும், ஆளைக் கூட்டிட்டுப் போய் அந்த வரியைச் செதுக்கி எடுத்துருச்சு.”

இவர் ஒன்றுக்குப் போவதுபோல எழுந்து போய், படியிறங்கி, வீட்டுக்கு நடந்துவிட்டார்.

ஒரு வாரம் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் தபால் நிலையத்துக்குப் போனார். வரிசையில் நின்றபோது சொல்லவேண்டியதை நாலு முறை மனதுக்குள் ஒத்திகை பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கா, இவரைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார்.

“வாங்க டாக்டர். நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன். நீங்க மட்டும் சொல்லலேன்னா, என் தம்பி தலைமாட்டுல சாபம் விடுற பாட்டோட வரியே இருந்திருக்கும். பாவி, நானே வெட்டி வெச்சிருக்கேன் பாருங்க. கடவுள் மாதிரி சொன்னீங்க.”

நாக்கு மேல்பல்லிலும் முட்டவில்லை, எங்கேயும் முட்டவில்லை. “பத்து ஸ்டாம்ப் குடுங்கக்கா” என்று சொல்லி, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் கடிதம் எழுதியே இருபது வருடம் ஆகியிருந்தது.

சாயங்காலம் மனைவி சட்டையைத் துவைக்கப் போடும்போது ஸ்டாம்புகள் கிடைத்தன. “இது யாருக்கு?” என்றாள். மறைக்கத் தெம்பில்லாமல் முழுவதையும் கொட்டினார். மனைவி பாதிவரை சிரித்துக்கொண்டே கேட்டாள். கல்லறை வந்ததும் சிரிப்பு நின்றது.

“ஒரு பாட்டுக்காகவா?”

“பாட்டுக்காக இல்ல.”

“பின்ன?”

“எல்லாரும் என்னையே பாத்துட்டிருந்தாங்க” என்றார். சொல்லும்போதே கூசியது.

“நாளைக்குப் போய்ச் சொல்லிடுங்க. கூட நான் வரமாட்டேன். அந்தம்மா முகத்தை என்னால பாக்க முடியாது” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் வேலை முடிந்து அக்கா வெளியே வரும்வரை, தபால் நிலையத்துச் சைக்கிள் நிறுத்தத்தில் நின்றார். இந்த முறை வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார், வேறு பேச்சு வந்தால் மறுபடியும் ஓடிவிடுவோம் என்ற பயத்தில்.

“நான் டாக்டர் இல்லக்கா. பல் செட் செய்யற ஆளு. அந்தப் பாடகரை நான் கண்ணால பாத்ததில்ல. பொய் சொல்லிட்டேன்.”

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. “எதுல பொய்?”

“எல்லாத்துலயும்.”

அக்கா சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டார். “அப்ப எந்த எழுத்து அது?”

“தெரியாதுக்கா. யாருக்குமே தெரியாது.”

“நான் போய்ச் செதுக்கிட்டேனே.” குரல் உயரவில்லை, அதுதான் இவரைக் கொன்றது. “கல்லு வெட்டுற ஆளு கேட்டாரு, நல்ல வரிதானேம்மா, எதுக்கு எடுக்கறீங்கன்னு. அவர்கிட்ட நான் சண்டை போட்டேன். எங்க டாக்டர் சொன்னாருன்னு.”

“மறுபடியும் வெட்டறதுக்கு நான் ஏற்பாடு பண்றேன். ஆளைக் கூட்டிட்டு நானே—”

“நீங்க அந்தப் பக்கமே வரக் கூடாது” என்றார் அக்கா. “உங்களுக்கு ஜெயிக்கணும். அதுக்கு என் தம்பிதான் கிடைச்சானா?”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஏறி ஓட்டக்கூட இல்லை, தெருமுனைவரை தள்ளிக்கொண்டே போனதை இவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, தன் தாளைப் பார்த்துச் சொன்னார். கூனிக் குறுகி நிற்கிற மனிதரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருவர் மட்டும், “அப்ப அந்த உடைஞ்ச பல் கதையும் டூப்பா?” என்றார். அதில் கேட்டவருக்கு உண்மையிலேயே ஏமாற்றம். ஜெராக்ஸ் அண்ணன் கீழே இறங்கிப் போய், கடையில் ஆளில்லாதபோதும் மெஷினை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து யாரும் இவரை டாக்டர் என்று கூப்பிடவில்லை. வேறு பெயரும் வைக்கவில்லை. “என்னங்க” என்பார்கள்.

வராமல் இருந்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை. அது இன்னும் சுலபமாக இருக்கும் என்பதாலேயே போனார். கதவோரம் உட்கார்ந்தார்.

ஏழெட்டு மாதம் கழித்துத் தபால் அக்கா வந்தார். இவரைப் பார்த்தார், பார்க்காததுபோல எதிர் மூலையில் உட்கார்ந்தார். ஆறாவது பாட்டை மறுபடி எடுத்தார்கள். ஜெராக்ஸ் அண்ணன் வழிக்காகக் கத்தினார். அக்கா முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்: “வலிதான். பாடினவரே வந்து இல்லேன்னு சொன்னாலும் வலிதான். கல்லுல மறுபடி வெட்டியாச்சு. போன தடவையைவிட ஆழமா.”

அவசரத்தில் யாரோ பழைய பழக்கத்தில் கதவுப் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டுவிட்டார். இவருக்குக் காது மடல்கள் எரிந்தன.

“எனக்குத் தெரியலீங்க” என்றார்.

அக்கா திரும்பவில்லை. தாளில் இருந்த சிவப்பு வட்டத்தைக் காட்டி, ஜெராக்ஸ் அண்ணனிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.