சுகம் என்று சொன்ன மீனவர்

முதியோரை வீடுதேடிச் சென்று பராமரிப்பவர்களின் மேற்பார்வையாளர்களுக்காக நாகர்கோவிலில் ஒரு மாநாடு நடந்தது. மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்ற என்னையும் பேச அழைத்தார்கள். நேரில் போகாமல் போனிலேயே முதியவர்களை விசாரிக்கும் முறையை எங்கள் பகுதியில் தொடங்கியவன் நான். அதைப் பற்றிப் பேசினேன். கைதட்டினார்கள்.

சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். மணவாளக்குறிச்சியில் படுக்கையில் கிடந்த ஒரு மீனவருக்கு முதுகில் புண் வந்திருப்பதாக, அவரைக் கவனித்த பணிப்பெண் என்னிடம் சொன்னாள். நான் போகவில்லை. போன் செய்து "சுகமா?" என்றேன்.

"சுகந்தான் சாரே. நீங்க சுகமா இருக்கியளா?" என்றார்.

எங்கள் பக்கம் நலம் விசாரிப்பவரிடம் யாரும் உடனே நோவைச் சொல்வதில்லை. அது தெரிந்தும் பதிவேட்டில் 'நலம்' என்று எழுதினேன். மிகைப்படுத்துவதாக அவளைக் கடிந்தும் கொண்டேன். சில வாரங்களில் புண் சீழ்பிடித்து அவர் இறந்தார். கவனிக்கவில்லை என்று அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவள் முன்பே சொன்னாள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது வேறோர் அமைப்பில் இருக்கும் அவள், மாநாட்டு மதிய உணவின்போது என் எதிரே வந்து நின்றாள்.

"நல்லா பேசினிய சாரே. அந்தத் தாத்தாவப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

"மறந்துட்டேன் மக்கா."

"நீங்க போன்ல கேட்டிருந்தா நானும் சுகம்னுதான் சொல்லியிருப்பேன். அதான் நேர்ல வந்தேன்."

நான் மறக்கவில்லை. பிற்பகல் அமர்வில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்று அறிவித்திருந்தார்கள். அதற்கு முன்பே நான் பேருந்து ஏறிவிட்டேன்.